இன்ஸ்பெக்டரின் காரில் வந்தவள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி தலைமை மொழிபெயர்ப்பாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். கொடுத்தது சரிதானா என்று வாரத்துக்கு ஒரு முறையாவது யோசிக்கிறேன். அப்படித் திரும்ப யோசிக்காத காரியம் என் வாழ்க்கையில் எதுவும் இல்லை என்பதால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

ஆறு வருடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தமிழுக்கும் மலாய்க்கும் நடுவில் நின்றேன். வழக்கை எப்படிக் கூப்பிடுவது, பதிவேட்டில் எதை எங்கே எழுதுவது என்பதையெல்லாம் உங்களுக்கு அலுவலகத்திலேயே சொல்லித்தருவார்கள். அங்கே யாரும் சொல்லித்தராத ஒன்றை எழுதுகிறேன். என் தவறும் அதில் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னத் தவறு. சேர்ந்த இரண்டாவது வாரம் ஓர் அடிதடி வழக்கு. எதிரி தன்னை என்ன சொல்லித் திட்டினான் என்று சாட்சி அப்படியே சொன்னார். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போக இருந்த பெண். அந்த வார்த்தையை வீட்டில் ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. "அவர் கோபமாகப் பேசினார்" என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்று தலைமை மொழிபெயர்ப்பாளர் பின்வரிசையில் இருந்திருக்கிறார். மதியம் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அவன் சொன்னது கோபமாப் பேசினதா?"

"இல்லீங்க சார்."

"பின்ன என்ன சொன்னான்?"

நான் சோற்றைப் பார்த்தேன்.

"சரி, சாப்பிடு. கை கழுவிட்டு வந்து சொல்லு. நான் எங்கயும் போகல."

கை கழுவிவிட்டு வந்து சுவரைப் பார்த்தபடி மூன்று முறை சொன்னேன். நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த தமிழக்கா கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இனிமே வெக்கம் வராதுலா" என்று சொல்லிவிட்டு தலைமை மொழிபெயர்ப்பாளர் காப்பி வாங்கப் போனார். வெட்கம் போய்விட்டது. ஆனால் கூர்மையாக வரும் எதையும் கொஞ்சம் மழுக்கிக் கொடுக்கும் புத்தி முழுதாகப் போகவில்லை என்பது ராசம்மா விசாரணையில்தான் தெரிந்தது.

ராசம்மா புக்கிட் பெலிம்பிங் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். புல்லைக் கொல்லும் நஞ்சைத்தான் தோட்டத்தில் மருந்து என்பார்கள். மண்டோர் எனும் மேஸ்திரியின் மேற்பார்வையில் பெண்கள் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் மரங்களுக்கு நடுவே அடித்துக்கொண்டு போவார்கள். ஒரு வாரமாக உடம்பு சரியில்லாமல் இருந்த ராசம்மா மருத்துவமனைக்குப் போய் இரண்டாம் நாள் இறந்துபோனார். உடம்பில் அந்த நஞ்சு இருந்தது. தொழிலாளர் வரிசையில் இருந்த அவருடைய லய வீட்டுக்குப் பின்னால் மருந்து மிச்சமிருந்த ஒரு பழைய சர்பத் போத்தல் கிடைத்தது. கணவர் முனியாண்டியோடு முந்தின வாரம் சண்டை என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி போலீசில் எழுதிக் கொடுத்தார். ஆக, ராசம்மா மருந்து குடித்துச் செத்தார் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

முனியாண்டிக்கு ஒரே மகள். எட்டு வயது. பள்ளியில் பிள்ளைகள் "மருந்து குடிச்சவ மக" என்று கூப்பிடுகிறார்களாம். அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தது. ராசம்மா எப்படி இறந்தார் என்று மாஜிஸ்திரேட் என்ன முடிவு சொல்கிறாரோ, அதுதான் அந்தப் பிள்ளையின் தாய்க்குக் கடைசிப் பெயர். முனியாண்டி கேட்டதெல்லாம் அது ஒன்றைத்தான்.

மரண விசாரணையில் குற்றவாளி என்று யாரும் கிடையாது. சாட்சிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு மாஜிஸ்திரேட்டுக்கு உதவுவது வழக்கு நடத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டரின் பொறுப்பு. எங்கள் இன்ஸ்பெக்டர் அமைதியானவர், அதிகம் பேசமாட்டார். முதல் நாள் அவர் கூப்பிட்டது டாக்டர், கிராணி, போத்தலை எடுத்த போலீஸ்காரர் என மூன்று பேரைத்தான். ராசம்மாவோடு வேலை செய்த பெண்கள் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. அவர் முதுகில் மாட்டியிருந்த பம்பும் நீதிமன்றத்துக்கு வரவில்லை.

தோட்டத்திலிருந்து நாற்பது பேர் லோரியில் வந்திருந்தார்கள். எல்லாரும் வெளியே அங்சானா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகளிடமிருந்து சோற்றுப் பொட்டலங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடந்து போகும்போது பேச்சு காதில் விழுந்தது.

"பம்ப ஏன் இன்ஸ்பெக்டரு கொண்டாரல?"

"மேனேஜர் பங்களாவுல டீ குடிச்சாருல்ல, அங்க வெச்சிட்டு வந்திருப்பாரு."

"போய்க் கேளேன்யா."

"கேட்டா? நம்ம ஓட்டுப் போட்டா வந்தாரு, நம்மளப் பாத்துப் பயப்படுறதுக்கு?"

கடைசியாகப் பேசியது பாக்கியம். ஐம்பது வயதிருக்கும். மருந்தடிக்கும் குழுவில் மூத்தவர், ராசம்மாவுக்கு அடுத்த வரிசையில் பம்பு மாட்டிக்கொண்டு நடந்தவர். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"வாங்கம்மா! காரு ஜோரா இருக்கா? பஸ்ஸுல வந்தா சேல கசங்கிடுமில்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன். வெறும் கேலி என்று நினைத்தேன்.

கார் விஷயம் இதுதான். நான் பத்தாங் பெர்ஜுந்தையில் குடியிருந்தேன். மகனுக்கு அப்போது ஒன்றரை வயது, ஓயாத சளி. காலையில் அவன் அழ, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்க நேரமாக, ஏழு மணி பஸ் போய்விடும். அடுத்ததில் ஏறினால் நீதிமன்றம் கூடிய பிறகுதான் போய்ச் சேர முடியும். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ரவாங் பக்கமிருந்து வந்த வெள்ளைக் கார் நின்றது. "புவான், ஏறிக்கொள்ளுங்கள், நானும் அங்கேதானே போகிறேன்" என்று மரியாதையாக மலாயில் சொன்னார் இன்ஸ்பெக்டர். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தக் காரில்தான் வந்தேன். என் கணவருக்கும் தெரியும். காரில் செய்தி கேட்போம், மழையைப் பற்றிப் பேசுவோம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் தவறு எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே, அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பாக்கியத்துக்கு எல்லாம் தெரியும், அவரைக் கூப்பிட வேண்டும் என்று முனியாண்டி ஆள் பிடித்து மனு எழுதி மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தார். மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட இளைஞர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனுவைப் படித்துவிட்டு, அடுத்த முறை அவரைக் கூப்பிடுங்கள் என்று இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார்.

அந்த நாளும் நான் காரில்தான் போனேன். மகனுக்குக் காய்ச்சல். இறங்கும்போது என் கையில் பை, குடை, சாப்பாட்டு அடுக்கு எல்லாம் இருந்தன. இன்ஸ்பெக்டர் அடுக்கை வாங்கிக்கொண்டு நீதிமன்றப் படிவரை கொண்டுவந்து கொடுத்தார். மரத்தடியில் இந்த முறை யாரும் கேலி பேசவில்லை.

பாக்கியம் கூண்டில் ஏறினார். இன்ஸ்பெக்டர் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்.

"ராசம்மா வேல செஞ்ச குழுவுலதான் நீங்களும் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அவங்களுக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் சண்டை நடந்திச்சா?"

"தெரியாதுங்க."

"உடம்பு முடியலன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

"தெரியாதுங்க."

"பம்பப் பத்தி?"

"தெரியாதுங்க."

முனியாண்டி முன்பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று மனுவில் எழுதியிருக்கிறதே, இப்போது ஏன் தெரியாது என்கிறீர்கள் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பாக்கியம் மாஜிஸ்திரேட்டையும் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொல்றதுக்கு நெறைய இருக்கு துவான். யாரு மூலமாச் சொல்றது? இந்தம்மா அவரு கார்ல வராங்க, அவரு கார்ல போறாங்க. இவங்க சோத்து அடுக்க அவரு தூக்கிட்டு வராரு. நான் இங்க ஒண்ணு சொன்னா, இவங்க அங்க ஒண்ணு சொல்லுவாங்க. இவங்கள நான் நம்பல."

"சாட்சி பயப்படுகிறார், துவான்" என்று மலாயில் சொன்னேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் தானாக வந்தது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பாக்கியம் தலையை மெல்ல ஆட்டினார், நினைத்தது சரிதான் என்பதைப் போல. பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார் மாஜிஸ்திரேட். அதையும் சொன்னேன். பாக்கியம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு கேள்வி இல்லை என்று இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். சாட்சி இறங்கலாம் என்றார் மாஜிஸ்திரேட்.

'இறங்குங்கம்மா' என்று தமிழில் நான் சொன்னால் எல்லாம் முடிந்தது. பாக்கியம் இறங்கிவிடுவார். கோப்பில் டாக்டரும் கிராணியும் போத்தலும்தான் மிஞ்சும். அந்தப் பிள்ளை மருந்து குடித்தவளின் மகளாகவே வளரும். அவ்வளவையும் நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் நினைத்தது வேறு. கல்யாணமான பெண் இன்ஸ்பெக்டர் காரில் வருகிறாள் என்று நீதிமன்றத்தில் நானே என் வாயால் சொன்னால் ஊர் என்ன சொல்லும், மாமியார் என்ன சொல்லுவார், வேலை நிரந்தரமாகாத நிலையில் அலுவலகம் என்ன செய்யும் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். பாக்கியம் இறங்குவதற்காகக் கூண்டின் கட்டையில் கை வைத்தார்.

"துவான், மன்னிக்க வேண்டும். சாட்சி சொன்னதை நான் முழுதாகச் சொல்லவில்லை" என்றேன்.

சொல்லுங்கள் என்றார்.

சாட்சி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நான் எழுந்து நின்று, இந்தம்மா அவர் காரில் வருகிறார், அவர் காரில் போகிறார், இவரை நான் நம்பவில்லை என்று என்னையே காட்டிச் சொன்னேன். சோற்று அடுக்கையும் விடவில்லை. இன்ஸ்பெக்டரின் காதுகள் சிவந்தன.

இது உண்மையா என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

"உண்மை, துவான். இரண்டு மாதமாக, பஸ்ஸை விட்டுவிடும் நாட்களில். காரில் வழக்கைப் பற்றிப் பேசியதில்லை." இதைப் பாக்கியத்துக்கும் தமிழில் சொன்னேன்.

கிள்ளானிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க மூன்று வாரம் ஆகும், சாட்சிக்குச் சம்மதமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அவங்க எந்தக் கார்ல வருவாங்க?" என்றார் பாக்கியம்.

அதையும் சொன்னேன். மாஜிஸ்திரேட் குனிந்து கோப்பில் எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கிறார் என்று புரிந்தது.

பாக்கியம் திரும்பி முனியாண்டியைப் பார்த்தார். பல வருடம் மலாய்க்காரக் குத்தகையாளரிடம் லோரியில் வேலை செய்து மலாய் பழகியவர் அவர். நான் சொன்னது சரி என்று தலையை ஆட்டினார். பாக்கியம் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் மலாய் கொஞ்சம் தெரியும் துவான். பேச வராது, கேட்டா வெளங்கும். இவங்க மொதல்ல மழுப்புனதும் வெளங்குச்சு. அப்புறம் எந்திரிச்சுச் சொன்னதும் வெளங்குச்சு. இவங்களே இருக்கட்டும்."

நான் மழுப்பியதையும் சேர்த்து மாஜிஸ்திரேட்டுக்குச் சொன்னேன். பிறகு பாக்கியம் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை.

"சண்ட நடந்திச்சு. ஏன் நடக்காது? புள்ளைக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்கலன்னு நடந்திச்சு. மறுநாளே ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தாங்க. நான் பாத்தேன். அந்தப் போத்தல் குடிக்க வெச்ச போத்தல் இல்ல துவான். மண்டோர் மருந்த அதுலதான் அளந்து குடுப்பாரு. என் வீட்டுக்குப் பின்னாலயும் ஒண்ணு இருக்கு, எல்லார் வீட்டுக்குப் பின்னாலயும் இருக்கு. வந்து பாக்கச் சொல்லுங்க. அவ பம்பு அடியில ஒழுகிச்சு. மண்டோர்கிட்ட சொன்னா, 'அடுத்த மாசம் பாக்கலாம்'ன்னாரு. துணிய மடிச்சு முதுகுல கட்டிக்கிட்டு அடிச்சா. துணி ஊறி ஊறி முதுகெல்லாம் வெந்து போச்சு. நான்தான் சாயங்காலம் தேங்காண்ண தடவி விட்டேன். இந்தக் கையாலதான்."

மாஜிஸ்திரேட் டாக்டரின் அறிக்கையைப் புரட்டினார். முதுகில் புண் என்று ஒரு வரி அதில் ஏற்கெனவே இருந்தது. முதல் நாள் அதை நான்தான் தமிழில் வாசித்திருந்தேன். யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

அப்போது இன்ஸ்பெக்டர் எழுந்தார். பம்பைக் கொண்டுவரவும், மண்டோரைக் கூப்பிடவும், டாக்டரை மறுபடி விசாரிக்கவும் தவணை கேட்டார். மாட்டிக்கொண்டதால் கேட்டார் என்றுதான் மரத்தடியில் பேசிக்கொண்டார்கள். அவர் எதையாவது மறைக்க நினைத்தாரா, இல்லை கிராணி எழுதிக் கொடுத்ததே போதும் என்று விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காரில் எனக்கு உதவிய மனிதரைப் பற்றி நான் சொல்லும் எதையும் முழுதாக நம்பவேண்டாம் என்றே உங்களுக்குச் சொல்வேன். அவரை நம்பாத மக்களிடம் நான் போய், அவர் நல்லவர் என்று சொல்லவும் முடியாது. அவர்களுக்கு வேண்டியது பம்பு. அது வந்ததும் பாதி முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

அன்று மாலை நடைபாதையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "புவான், உங்கள் பஸ் எத்தனை மணிக்கு?"

"ஐந்தேகாலுக்கு, துவான்."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார். கோபமில்லை. அதற்குப் பிறகும் கேண்டீனில் பார்த்தால் மகனின் சளியைப் பற்றி விசாரிப்பார்.

தலைமை மொழிபெயர்ப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டுதான் போனேன்.

"பயப்படுறாருன்னு சொன்னியே, அதத் திருத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும் சார்."

"ஒரு நிமிஷம் அதிகம்லா" என்றார். அவ்வளவுதான். காரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கணவர்தான் தொழிற்சாலையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையில் மகனைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். அதை முன்பே கேட்டிருக்கலாமே என்று நான் சொன்னபோது, "நீ கேக்கவே இல்லியே" என்றார். அதுவும் உண்மை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். யார் காரில் ஏறுகிறோம், யாரோடு டீ குடிக்கிறோம் என்பதெல்லாம் நம் சொந்த விஷயம் என்று நினைக்காதீர்கள். சாட்சிக்கு நம்மைத் தவிர வேறு வாய் கிடையாது. அந்த வாய் எங்கே போய்வருகிறது என்று அவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கட்டும், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. தப்பித்தவறி ஏறிவிட்டால், கேட்கும்போது மழுப்பாதீர்கள்.

மூன்றாவது தவணையில் பம்பு வந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், அடியில் சொட்டியது. வாயிலும் தொண்டையிலும் வெந்த புண் இல்லை, முதுகில்தான் இருந்தது, நஞ்சு அந்தப் புண் வழியாக ஏறியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மண்டோர் தரையைப் பார்த்துக்கொண்டு, ராசம்மா தன்னிடம் பம்பைப் பற்றிச் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டார்.

முடிவு வாசிக்கும் நாளில் நீதிமன்றத்துக்குள் இடமில்லை. சன்னல்களெல்லாம் திறந்திருந்தன, வெளியே தலைகள். முனியாண்டி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பிள்ளை காலில் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பாக்கியத்தின் மடியில் சாய்ந்திருந்தது. மாஜிஸ்திரேட் நான்கு பக்கம் வாசித்தார். நான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில், "இறந்தவர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பதற்குச் சான்று இல்லை. பணியின்போது நச்சுப்பொருள் தோல் வழியே உடலில் சேர்ந்ததால் நேர்ந்த விபத்து மரணம் இது என முடிவு செய்யப்படுகிறது" என்றேன்.

முனியாண்டி எழுந்து கையைக் கூப்பினார்.

"அம்மா, வெளிய நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

மாஜிஸ்திரேட்டிடம் கேட்டேன். சொல்லுங்கள் என்றார். சன்னல் பக்கம் திரும்பி, அதே வரிகளைச் சத்தமாகச் சொன்னேன்.

"என்னாங்கம்மா சொல்றீங்க? ஒண்ணும் வெளங்கலியே!" என்று ஒரு கிழவர் வெளியிலிருந்து கத்தினார்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"ராசம்மா மருந்து குடிக்கல" என்றேன். "பம்பு ஒழுகித்தான் செத்துப் போனாங்க. அவங்க மருந்து குடிக்கல."

வெளியே சத்தம் கிளம்பியது. பாக்கியம் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாஜிஸ்திரேட்டின் முடிவில் அந்தச் சொற்கள் இல்லை. வாசித்ததை விட்டு என் சொல்லில் சொல்லிவிட்டேன்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "கடைசியாக நீங்கள் வேறு எதையோ சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள்?"

ஒரு வார்த்தை விடாமல் மலாயில் அவருக்குச் சொன்னேன். இந்த முறை ஒரு நிமிடம் எடுக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்" என்று சொல்லிக் கோப்பை மூடினார்.